சூடானால் நின்றுவிடும்

குளிரில் கிளம்பும்.
பிரேமர்ஹாவன் துறைமுகச் சாலையில்
இருபது நிமிடம் ஓடும்.
அப்புறம், பேச்சின் நடுவே எழுந்து போகிற ஆளைப் போல
சொல்லாமல் நின்றுவிடும்.

ஓரங்கட்டி
அரைமணி நேரம் கடற்பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தால்
ஒன்றுமே நடக்காத மாதிரி
மறுபடி கிளம்பும்.

எண்பத்தாறில் செய்த போர்ஷே.
எனக்கு ஒரு வயது மூத்தது.
விற்றவர் கணக்கில் சிவப்பு,
வெயிலின் கணக்கில் ரோஸ்.

முதலில் ரிலே மாற்றினேன்.
பிறகு பெட்ரோல் பம்ப்.
பிறகு, முழங்கைத் தோலைக் கொடுத்து, சென்சாரையே.
மூன்று ஞாயிறு, ஒரு மாத வாடகை,
இருபதாவது நிமிடத்தில் அதே மௌனம்.

காரேஜ் வரிசையில் பக்கத்துக் கதவு ஹைனோவுடையது.
"மொய்ன்" என்ற வணக்கம் போக
அந்த மாதம் முழுக்க அவர் பேசியது ஒரே வாக்கியம்:
"ஸ்டார்ட் பண்ணும்போது ஆர்பிஎம் முள் துடிக்கிறதா?"

பார்த்ததில்லை.
முள்ளைப் பார்க்கிறவளாக இருந்தால்
பம்ப் வாங்கியிருப்பேனா?

நின்றுபோன சூடு ஆறுமுன்
பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
அவர் சாவியைத் திருகினார்.
நான் எஞ்சினுக்குப் பின்னால்
தோள்வரை கையை விட்டேன்.
அங்கே கண்ணுக்கு வேலை இல்லை.

"கிடக்கிறது," என்றார்.
வயரை இடப்பக்கம் சாய்த்தேன்.
"துடிக்கிறது."
விட்டேன்.
"கிடக்கிறது."

கனெக்டரைக் கழற்றினேன், வரவில்லை.
உதிர்ந்தது, ரஸ்க் மாதிரி, உள்ளங்கையில்.
உள்ளே மூன்று பின்.
அதில் ஒரு பின் மட்டும் பின்வாங்கியிருந்தது,
அரை மில்லிமீட்டர்,
பச்சை பூத்து.
இத்தனை வருஷமாய் வடகடல் உப்பு
அந்த ஒன்றிடம்தான் பேசியிருக்கிறது.

சூடேறினால் விலகும்.
ஆறினால் ஒட்டும்.
தண்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது;
சுற்றுகிறது என்ற செய்திதான் போய்ச் சேரவில்லை.
சேராத செய்திக்குக் கம்ப்யூட்டர்
எப்படித் தீப்பொறி கொடுக்கும்?
அதன்மேல் தப்பில்லை.

இதை வைத்து என் விவாகரத்தைப் பற்றி
ஒன்றும் சொல்லமாட்டேன்.
ஹைனோ சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.
அவர் கிரிம்ப் கருவியை நீட்டினார்.

புதுக் கனெக்டர் பதினொரு யூரோ.
வயர் முனையைச் சீவி,
பின்னைச் செருகி, நெரித்து,
இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று சிரித்தபோது
ரப்பர் உறை
மேசைமேல் கிடந்து என்னைப் பார்த்தது.
முதலில் கோர்க்க வேண்டியது அதைத்தான்.
வெட்டினேன். வயரில் ஒரு விரற்கடை போயிற்று.
மறுபடி சீவினேன்.

இருட்டும்போது சாவியைப் போட்டேன்.
ஸ்டார்ட்டர் சுற்றியது.
சுற்றியது.
சுற்ற மட்டும் செய்தது.

வெண்ணெய் திரண்டுவரும் நேரத்தில்
யார் தாழியை உடைத்தது?
நான்தான்.
அங்கே சென்சார் இரண்டு.
ஒன்று வேகம் சொல்லும், மற்றது இடம் சொல்லும்.
வாய் இரண்டுக்கும் ஒரே அச்சு.
அக்காளின் சாப்பாட்டைத் தங்கைக்கு ஊட்டியிருந்தேன்.

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி மாற்றிச் செருகினேன்.
முள் துடித்தது.
அந்தத் துடிப்பு அடங்குவதற்குள்
நான்கு சிலிண்டரும் ஒரே நேரத்தில்
காரேஜ் தகரத்தை அதட்டின.

அணைக்கரையோரம் வடக்கே போனோம்.
பதினெட்டு.
பத்தொன்பது.
இருபதில் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.
இருபத்திரண்டில் ஹைனோ கண்ணாடியை இறக்கினார்.
மீன் வாடை, டீசல் வாடை,
எங்கோ ஒரு கிரேனின் மஞ்சள் விளக்கு.

முப்பதாவது நிமிடம்
தன் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார்:
"அந்தப் பழைய பம்ப்,
தூக்கி எறிந்துவிடவில்லையே?"